பெற்றோர் போட்ட கையெழுத்து: அமெரிக்கச் சிற்றூர்ப் பள்ளி வழக்குகளைத் தேடிப் படிக்கும் முறை

அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பிரிவினை ஒழிந்த கதையைத் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1954 மே 17இல் தொடங்குவார்கள். பிரவுன் வழக்கில் அரசுப் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது, 1957இல் கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் அனுப்ப லிட்டில் ராக்கில் ராணுவம் இறங்கியது, கதை முடிந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு எந்த ஊரிலும் எந்தப் பிள்ளையையும் தானாகக் கூட்டிப்போய் வகுப்பில் உட்கார வைக்கவில்லை. அதற்கு ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒரு தாயோ தகப்பனோ மனுவில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தென் கரோலினாவின் சம்மர்ட்டனில் 1949 நவம்பரில் அப்படிக் கையெழுத்துப் போட்ட ஹாரி பிரிக்ஸுக்குப் பெட்ரோல் பங்க் வேலை போயிற்று. அவர் மனைவி எலைசாவுக்கு விடுதியில் பார்த்த வேலையும் போயிற்று.

அதனால் தேடலைத் தீர்ப்பிலிருந்து தொடங்காதீர்கள். கையெழுத்திலிருந்து தொடங்குங்கள். யார் போட்டார், எந்தத் தெருவில் குடியிருந்தார், யாரிடம் கூலி வாங்கினார், அவர் பிள்ளை எந்தப் பள்ளியைத் தாண்டி எந்தப் பள்ளிக்கு நடந்தது? இந்த நான்குக்கும் விடை கிடைத்தால் ஓர் ஊரின் போராட்டம் பிடிபட்டுவிடும். சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்தபடி இதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

முதல் முயற்சிக்குப் பெரிய நகரம் வேண்டாம். பாஸ்டன், டெட்ராய்ட் போன்ற வழக்குகளில் காகிதம் மலைபோல் குவிந்து கிடக்கும். குடும்பங்கள் கண்ணில் படவே மாட்டார்கள். இரண்டு அல்லது மூன்று பள்ளிகள் மட்டும் உள்ள ஊராகப் பாருங்கள்.

தொடங்க ஏற்றவை இரண்டு. ஒன்று, ஓஹாயோ மாநிலத்தின் ஹில்ஸ்பரோ. அங்கே 1950களில் சுமார் 5,000 பேர்தான் வசித்தார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்கு வெப்ஸ்டர், வாஷிங்டன் என்று இரண்டு தொடக்கப்பள்ளிகள், கறுப்பினப் பிள்ளைகளுக்கு லிங்கன் பள்ளி. மற்றொன்று, வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுன்டி (கவுன்டி என்பது மாநிலத்துக்குள் உள்ள சிறு நிர்வாக மாவட்டம்). கவுன்டி முழுவதற்குமே இரண்டு பள்ளிகள்தான்.

சற்றுக் கடினமானவையும் உண்டு. கலிஃபோர்னியாவின் லெமன் குரோவில் 1931 ஜனவரியில் மெக்ஸிகோ வம்சாவளிப் பிள்ளைகளைத் தலைமையாசிரியர் வாசலிலேயே மறித்துத் தனிக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார். அந்தப் பிள்ளைகள் அதைத் தொழுவம் என்றே அழைத்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டு அதே ஆண்டு மார்ச்சில் வென்றார்கள். மேல்முறையீடு போகாததால் அச்சிட்ட தீர்ப்புத் தொகுதிகளில் இந்த வழக்கு கிடையாது. நியூயார்க் மாநிலத்தின் ஹில்பர்னில் 1943இல் நடந்த பள்ளிப் புறக்கணிப்பு மாநிலக் கல்வி ஆணையரின் உத்தரவோடு தீர்ந்தது, அதனால் அதுவும் தீர்ப்புத் தேடல் தளங்களில் அகப்படாது. தளத்தில் இல்லை என்பதற்காக அந்த ஊரில் போராட்டமே நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

தொடங்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் அரசுப் பள்ளியை நடத்துவது மாநிலக் கல்வித்துறை அல்ல, உள்ளூர்ப் பள்ளி வாரியம். பெரும்பாலும் தேர்தலில் வருகிற ஐந்தாறு பேர். சில மாநிலங்களில் நியமனம். வாரியத்துக்குத் தனி எல்லை, தனிச் சொத்துவரி வருமானம். எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று கோடு போடுவதும் அதுதான். வழக்கில் பிரதிவாதியாக நிற்பதும் அதுவே. தலைநகரில் போய் வில்லனைத் தேடினால் கிடைக்க மாட்டான். மளிகைக் கடைக்காரரும் பல் மருத்துவரும் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன வாரியத்தைப் பாருங்கள்.

முதலில் மாநிலச் சட்டம்

பலரும் தவறுவது இங்கேதான். தென் மாநிலங்களில் பிரிவினையைச் சட்டமே கட்டாயப்படுத்தியது. வடக்கில் பல இடங்களில் சட்டம் அதைத் தடை செய்திருந்தது; அதை மீறித்தான் வாரியங்கள் பிரித்து வைத்திருந்தன. ஓஹாயோ 1887லேயே தனிப் பள்ளிகளைச் சட்டப்படி ஒழித்துவிட்டது. ஆகவே ஹில்ஸ்பரோவின் லிங்கன் பள்ளி பிரவுன் தீர்ப்புக்கு அறுபத்தேழு ஆண்டு முன்பே சட்டவிரோதம்.

கன்சாஸ் இன்னும் நுட்பமானது. தொடக்கப்பள்ளிகளில் பிரிவினைக்கு அந்த மாநிலம் அனுமதி கொடுத்தது 15,000க்கு மேல் மக்கள்தொகை உள்ள முதல்நிலை நகரங்களுக்கு மட்டும். சவுத் பார்க் என்ற சிறிய குடியிருப்புக்கு அந்த அனுமதி இல்லை. அங்கே புதுப் பள்ளி கட்டிவிட்டுக் கறுப்பினப் பிள்ளைகளைப் பழைய வாக்கர் பள்ளியிலேயே விட்டுவைத்தார்கள். குடும்பங்கள் பிள்ளைகளை அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீடுகளில் வகுப்பு நடத்தினார்கள். ஆசிரியை கொரிந்தியன் நட்டர் வாக்கர் பள்ளி வேலையை விட்டு அவர்களுக்குப் பாடம் எடுத்தார். 1949இல் மாநில உச்ச நீதிமன்றம் குடும்பங்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பிரவுனுக்கு ஐந்து ஆண்டு முன்பு, மாநிலச் சட்டத்தை மட்டும் வைத்து வென்ற வழக்கு இது. இதைப் பிரவுன் தீர்ப்பின் விளைவுகளில் ஒன்றாகச் சேர்த்தால் கதையே தலைகீழாகிவிடும்.

வழக்கின் விலாசத்தைப் படிப்பது

ஹில்ஸ்பரோ வழக்கு ‘கிளெமன்ஸ் எதிர் ஹில்ஸ்பரோ கல்வி வாரியம், 228 எஃப்.2டி 853, ஆறாவது சர்க்யூட், 1956’ என்று குறிக்கப்படும். 228 என்பது தொகுதி எண். எஃப்.2டி என்பது கூட்டாட்சி மேல்முறையீட்டுத் தீர்ப்புகளின் இரண்டாம் வரிசை. 853 தொடங்கும் பக்கம். ஆறாவது சர்க்யூட் என்பது ஓஹாயோவும் அடங்கிய வட்டாரத்தின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம். எஃப்.சப். என்றிருந்தால் கீழமை கூட்டாட்சி நீதிமன்றம், யு.எஸ். என்றிருந்தால் உச்ச நீதிமன்றம். இந்த எண்ணை கூகுள் ஸ்காலரிலோ கோர்ட்லிஸனர் தளத்திலோ இட்டால் தீர்ப்புரை இலவசமாகக் கிடைக்கும்.

தீர்ப்புரையை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை சட்டத்தை விட்டுவிட்டு விவரங்களை மட்டும் பொறுக்குங்கள்: பள்ளிப் பெயர், மாணவர் எண்ணிக்கை, பேருந்து, தெருப் பெயர், வாரியக் கூட்டத் தேதி. நியூ கென்ட் வழக்கில் (கிரீன் வழக்கு, 391 யு.எஸ். 430, 1968) இவை பொன்னாகக் கொட்டிக் கிடக்கின்றன. சுமார் 1,300 மாணவர்கள்: 740 பேர் கறுப்பினத்தவர், 550 பேர் வெள்ளையர். 21 பேருந்துகள்: 11 கறுப்பினத்தவரின் வாட்கின்ஸ் பள்ளிக்கு, 10 வெள்ளையரின் நியூ கென்ட் பள்ளிக்கு. இரண்டு வரிசைப் பேருந்துகளும் கவுன்டி முழுக்க ஒரே சாலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. இரண்டு இனத்தாரும் அங்கே கலந்தேதான் குடியிருந்தார்கள். அப்படியிருக்க ஒரே சாலையில் இரண்டு பேருந்து ஓடியது இனம் பார்த்துப் பிரிப்பதற்காகத்தான் என்பதை வேறு சாட்சி இல்லாமலே காட்டிவிடலாம்.

1965இல் வாரியம் ‘விருப்பத் தேர்வு’ திட்டம் கொண்டுவந்தது. எந்தப் பள்ளி வேண்டுமோ அதைப் படிவத்தில் எழுதலாம். முதல் ஆண்டு 35 கறுப்பினப் பிள்ளைகள் நியூ கென்ட் பள்ளிக்குப் போனார்கள், அடுத்த ஆண்டு 111, அதற்கடுத்த ஆண்டு 115. வாட்கின்ஸ் பள்ளிக்கு ஒரு வெள்ளைப் பிள்ளைகூட வரவில்லை. பிரிவினையை ஒழிக்கும் பாரத்தை வாரியம் பெற்றோர் தோளில் இறக்கி வைத்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் கண்டது. மாணவர் சேர்க்கை, ஆசிரியர், பணியாளர், போக்குவரத்து, பாடத்துக்கு வெளியேயான செயல்பாடு, கட்டட வசதி ஆகிய ஆறும் இதற்குப் பிறகு இவ்வகை வழக்குகளின் அளவுகோல் ஆயின. எந்த ஊரை எடுத்தாலும் இந்த ஆறு தலைப்பில் குறிப்பெடுத்தால் போதும்.

தீர்ப்புரை ஒரு சுருக்கம்தான். சாட்சியம், வரைபடம், பிரமாணப் பத்திரம் எல்லாம் வழக்குக் கட்டில் இருக்கும். கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றக் கட்டுகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் 21ஆம் பதிவுத் தொகுதியில், மேல்முறையீட்டு நீதிமன்றக் கட்டுகள் 276ஆம் தொகுதியில். இவை வாஷிங்டனில் ஒரே இடத்தில் இல்லை. ஓஹாயோ கட்டு சிகாகோ கிளையில், வர்ஜீனியா ஃபிலடெல்ஃபியாவில், தென் கரோலினா, டென்னஸி, மிசிசிப்பி அட்லாண்டா கிளையில், டெக்ஸஸ் ஃபோர்ட் வொர்த்தில். மின்னஞ்சலில் நான்கு தகவல் கட்டாயம்: நீதிமன்றத்தின் பெயர், அது அமர்ந்த நகரம், வழக்கு எண், வழக்குத் தலைப்பு. வழக்கு எண் இல்லாமல் கேட்டால் பதில் இழுத்தடிக்கும். முழுக் கட்டையும் உடனே கேட்காதீர்கள். முதலில் நடவடிக்கைப் பட்டியலை மட்டும் வாங்குங்கள். எந்த நாளில் என்ன தாக்கலானது என்று அதில் வரிசையாக இருக்கும். தேவையானதைக் குறித்து அடுத்த முறை கேட்டால் நகல் செலவு பாதிக்கும் கீழே வரும்.

மேல்முறையீடு போன வழக்கென்றால் அச்சிட்ட வழக்கேட்டுத் தொகுப்பு இருக்கும். கீழ்க்கோர்ட்டுச் சாட்சியம் கேள்வி-பதிலாக அதில் கிடைக்கும். தாய்மார் தங்கள் வாயால் பேசும் இடம் பெரும்பாலும் அது ஒன்றுதான்.

தலைப்பில் உள்ள பெயரை நம்பி ஏமாற வேண்டாம். மைனர் பிள்ளையின் வழக்கைத் தாயோ தகப்பனோ சார்பாக நடத்துவார். பல வாதிகள் இருந்தால் ஒரு பெயர்தான் தலைப்பில் நிற்கும். ஹில்ஸ்பரோவில் வழக்கு ஐந்து பிள்ளைகளின் பெயரில் நடந்தது. திருப்பி அனுப்பியும் நாள்தோறும் வெள்ளையர் பள்ளிக்கு நடந்தவர்கள் 19 தாய்மாரும் 37 பிள்ளைகளும். சம்மர்ட்டன் மனுவில் பெற்றோரும் பிள்ளைகளுமாக 107 கையெழுத்து. வழக்கின் வாதிகள் பட்டியல் வேறு. மனுவில் ஒப்பமிட்டவர், வழக்கில் வாதியானவர், தெருவில் நடந்தவர் என்று மூன்று தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

வரைபடம்தான் சாட்சி

ஹில்ஸ்பரோவில் நடந்தது இது. 1954 ஜூலை 5 அதிகாலை, கவுன்டிப் பொறியாளர் பிலிப் பார்ட்ரிட்ஜ் என்ற வெள்ளையர் லிங்கன் பள்ளிக்குத் தீ வைத்தார். பள்ளியே இல்லாமல் போனால் பிள்ளைகளைச் சேர்த்துத்தானே ஆகவேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் சிறைக்குப் போனார்; வாரியம் கட்டடத்தைப் பழுதுபார்த்துத் திரும்பத் திறந்தது. செப்டம்பரில் தாய்மார் பிள்ளைகளை வெப்ஸ்டருக்கும் வாஷிங்டனுக்கும் கூட்டிப்போனார்கள். சில நாள் உட்கார வைத்துவிட்டு, மாத நடுவில் வாரியம் புது எல்லைக்கோடு போட்டது. லிங்கன் பள்ளியின் எல்லை ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு துண்டுகளாக வந்தது. கறுப்பினக் குடும்பங்கள் எங்கே இருந்தார்களோ அங்கே அந்தத் துண்டுகள் விழுந்தன.

இதை வாக்கியத்தில் சொன்னால் வாசகர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். வரைந்து காட்டினால் வாரியத்தின் நோக்கம் பளிச்சென்று தெரியும். அதற்கு மூன்று அடுக்கு வேண்டும்.

அடித்தளத்துக்கு சான்போர்ன் வரைபடம். தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்த ஊர்ப்படங்கள் இவை. அளவு பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு 50 அடி. காங்கிரஸ் நூலகத் தளத்தில் ஏராளமான ஊர்கள் இலவசமாக உண்டு. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். பள்ளிக்கூடம் என்றால் சூடேற்றும் முறை, எரிபொருள், விளக்கு என்ன என்றும் பக்கத்தில் குறித்திருப்பார்கள். ஒரு பள்ளிக்கு நீராவிச் சூடு, மின்விளக்கு, மற்றதற்கு அடுப்பு. ‘வசதியில் வேற்றுமை’ என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டியதில்லை. ஆனால் தாளின் ஆண்டைப் பாருங்கள். 1920களில் வரைந்ததன்மேல் திருத்தங்களை ஒட்டி ஒட்டி வைத்திருப்பார்கள். 1954இன் நிலை என்று நினைத்து 1927இன் அடுப்பைக் குறித்துவிடும் ஆபத்து உண்டு.

இரண்டாவது அடுக்கு வீடுகள். 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டு காத்திருப்பு முடிந்து 2022 ஏப்ரல் 1இல் திறக்கப்பட்டன. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் கிடைக்கும். ஒரு தாளில் 30 பேர். தெருப் பெயர் இடது ஓரத்தில் இருக்கும், வீட்டு எண் அடுத்து. பெயர் தேடல் இயந்திரம் படித்த கையெழுத்தை நம்பி ஓடுவதால் பாதிப் பெயர்கள் சிதைந்திருக்கும். பெயரை விட்டுவிட்டுக் கணக்கெடுப்பு வட்டத்தின் எண்ணைப் பிடித்துத் தாள் தாளாகப் புரட்டுவதே வேகம். ஊர் விலாசப் புத்தகங்களும் உதவும். தெற்கே பல ஊர்ப் புத்தகங்களில் கறுப்பினத்தவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘சி’ எழுத்தோ நட்சத்திரக்குறியோ இட்டிருப்பார்கள்.

மூன்றாவது அடுக்கு எல்லைக்கோடு. அது வாரியத் தீர்மானத்தில் தெருத்தெருவாக எழுத்தில் இருக்கும், அல்லது வழக்குக் கட்டில் சான்றாவணமாகப் படமே இருக்கும்.

மூன்றையும் இலவச கியூஜிஐஎஸ் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். பழைய படத்தை இன்றைய படத்தோடு பொருத்தக் குறைந்தது ஆறு புள்ளி தேவை. தேவாலயக் கோபுரம், ரயில் பாதைக் குறுக்கு, நீதிமன்றக் கட்டடம் போன்ற நகராத இடங்களைத் தேர்ந்தெடுங்கள். சாலை முனைகளை நம்ப வேண்டாம், நெடுஞ்சாலைக்காக அகலப்படுத்தியிருப்பார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு தொலைவு அளக்க வேண்டும்: பக்கத்துப் பள்ளிக்கு எவ்வளவு, அனுப்பிய பள்ளிக்கு எவ்வளவு. நேர்கோட்டில் அளக்காதீர்கள், பிள்ளை நடந்த தெருவழியே அளக்க வேண்டும்.

எல்லை இன்னொரு விதத்திலும் வழக்கைக் கவிழ்க்கும். பேருந்து கேட்டு 1948இல் லீவை பியர்சன் என்ற விவசாயி போட்ட வழக்கு, சம்மர்ட்டன் மனுவிலிருந்து எழுந்த பிரிக்ஸ் வழக்கு நடந்த அதே கிளாரெண்டன் கவுன்டியில், விசாரணைக்கே போகாமல் தள்ளுபடி ஆனது. அவர் நிலம் பள்ளி எல்லைகளின் விளிம்பில் கிடந்தது. பிள்ளைகள் படித்தது ஓர் எல்லையில், அவர் வரி கட்டியது வேறு எல்லையில். இந்த வழக்குப் போட உமக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த முறை ஒருவருக்குப் பதில் பல குடும்பங்களைச் சேர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். வரி ரசீது இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள்.

வாரியக் குறிப்பேடு

கூட்டக் குறிப்பேடுகள் பள்ளிக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் தடித்த தொகுதிகளாக இருக்கும். கேட்கும் உரிமை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓஹாயோவில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், இந்தியாவிலிருந்தும் கேட்கலாம். வர்ஜீனியாவும் டென்னஸியும் தங்கள் மாநிலத்தவருக்கு மட்டுமே அந்த உரிமையைத் தருகின்றன. இது சரிதான் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் வர்ஜீனியா விஷயத்தில் சொல்லியும் விட்டது. அங்கே உள்ளூர் நூலகர், அருங்காட்சியகம், பல்கலைக்கழக மாணவர் யாராவது ஒருவர் மூலமாகப் போங்கள்.

குறிப்பேட்டில் ‘பிரிவினை’ என்ற சொல்லைத் தேடிப் பயனில்லை. எல்லை, இடமாற்றம், நெரிசல், பேருந்து வழி, புதுக் கட்டடம் என்ற சொற்களில்தான் அது ஒளிந்திருக்கும். ஹில்ஸ்பரோ வாரியமும் இடநெருக்கடி, கட்டப்போகும் கட்டடம் என்றுதான் வாதாடியது. மே மாதம் முதல் செப்டம்பர் வரையுள்ள கூட்டங்களை வரி விடாமல் படியுங்கள். பள்ளி திறக்குமுன் எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள்.

மாநிலக் கல்விக் கண்காணிப்பாளர்களின் ஆண்டறிக்கைகளையும் விடாதீர்கள். தென் மாநிலங்கள் இரண்டு இனத்துக்கும் தனித்தனி அட்டவணை அச்சிட்டன: ஆசிரியர் சம்பளம், மாணவர் ஒருவருக்கான செலவு, பேருந்து எண்ணிக்கை. தங்கள் கையாலேயே எழுதிவைத்த ஒப்புதல் வாக்குமூலம் அது.

யார் பழிவாங்கினார்கள்

கணக்கெடுப்புத் தாளின் தொழில் கட்டத்தைப் பாருங்கள். வெள்ளையர் வீட்டில் சமைப்பவர், குத்தகை விவசாயி, பள்ளி ஆசிரியர் என்றால் அவர் பிழைப்பு வாரியத்தாரின் கையிலோ அவர்களின் சொந்தக்காரர் கையிலோ இருக்கும். சொந்தத் தொழில், சொந்த நிலம், ரயில்வே வேலை, சபைப் போதகர் என்றால் சற்றே காலூன்றி நிற்க முடியும். கையெழுத்துப் பட்டியலை இப்படித் தொழில்வாரியாகப் பிரித்தால், யார் முன்னால் நின்றார்கள், யார் பிறகு பெயரை விலக்கிக்கொண்டார்கள் என்பதற்குக் காரணம் தானே தெரியும். விலக்கிக்கொண்டவர்களைக் கோழை என்று எழுதிவிடாதீர்கள்.

மிசிசிப்பி என்றால் இன்னொரு புதையல் உண்டு. பிரிவினையைக் காக்க மாநில அரசே 1956 முதல் 1977 வரை நடத்திய இறையாண்மை ஆணையத்தின் வேவுக் கோப்புகள் 1998இல் திறக்கப்பட்டன. மாநில ஆவணக் காப்பகத் தளத்தில் பெயர் இட்டுத் தேடலாம். ட்ரூ என்ற ஊரில் 1965இல் மே பெர்த்தா, மாத்யூ கார்ட்டர் தம்பதி விருப்பத் தேர்வுப் படிவத்தில் பிள்ளைகள் ஏழு பேருக்கு வெள்ளையர் பள்ளியை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டின்மேல் துப்பாக்கிச் சூடு, தோட்டத்தை விட்டு வெளியேற்றம் என்று அவர்கள் பட்டதைத் தேடுகிறவர் இப்படியான கோப்புகளையும் புரட்ட வேண்டும். ஆனால் வேவு பார்த்தவன் எழுதியது எல்லாம் உண்மை அல்ல. ஒழுக்கம் பற்றிய வதந்தி, கம்யூனிஸ்ட் முத்திரை, பொய்க் கடன் என்று குப்பையும் நிறைய. வேறிடத்தில் உறுதிப்படாத எதையும் மேற்கோள் காட்டாதீர்கள். உயிரோடு இருப்பவர் பற்றிய வதந்தியைத் தொடவே வேண்டாம்.

செய்தித்தாளும் நேர்காணலும்

ஒரே ஊரைப் பற்றி இரண்டு செய்தித்தாளாவது பாருங்கள். ஹில்ஸ்பரோவின் உள்ளூர்த் தாள் ஒரு பக்கம், கிளீவ்லண்ட் கால் அண்ட் போஸ்ட் போன்ற கறுப்பினப் பத்திரிகை மறுபக்கம். காங்கிரஸ் நூலகத்தின் இலவசத் தொகுப்பு 1963 வரை போகிறது. பெண்கள் பெயரைத் தேடும்போது எச்சரிக்கை: ஒரு தாளில் கணவர் பெயருக்கு முன் ‘திருமதி’ என்று வரும், வெள்ளையர் தாள்கள் பல கறுப்பினப் பெண்ணுக்கு அந்தத் ‘திருமதி’யையே மறுத்து வெறும் பெயரை அச்சிட்டன. குடும்பப் பெயரும் தெருப் பெயரும் சேர்த்துத் தேடினால் தப்பாது.

ஹில்ஸ்பரோ நடையில் பங்கேற்ற பிள்ளைகளுக்கு இன்று வயது எழுபது, எண்பது. நேர்காணலுக்கு முன், ஏற்கெனவே பதிவானது இருக்கிறதா பாருங்கள். அதே கேள்வியை மறுபடி கேட்டு ஒருவரை அயரவைப்பது சரியல்ல. டென்னஸியின் கிளின்டனில் கிரீன் மக்காடூ பள்ளியும், வர்ஜீனியாவின் ஃபார்ம்வில்லில் மோட்டன் பள்ளியும் இன்று அருங்காட்சியகங்கள். இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். பேச உட்காரும்போது வரைபடத்தை மேசையில் விரியுங்கள். ‘எப்படி உணர்ந்தீர்கள்’ என்று தொடங்கினால் ஏற்கெனவே பலமுறை சொன்ன பதில்தான் வரும். எந்தத் தெருவழி நடந்தீர்கள், மழைநாளில் யார் முன்னால் போனார், திருப்பி அனுப்பிய பிறகு எங்கே போய்ப் படித்தீர்கள் என்று கேளுங்கள். ஹில்ஸ்பரோவில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வகுப்பு நடந்தது. பக்கத்து வில்மிங்டனிலிருந்து குவேக்கர்கள் வந்து உதவினார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்காமல் பதிவைத் தொடங்காதீர்கள். பதிவின் ஒரு பிரதி அவருக்கும் போக வேண்டும்.

வென்ற நாளும் சேர்ந்த நாளும்

குறிப்பில் தேதிக்கு ஒரே கட்டம் வைத்தால் கட்டாயம் தப்பு நேரும். வழக்குப் போட்டது, தீர்ப்பு வந்தது, முதல் பிள்ளை உள்ளே போனது, தனிப் பள்ளி மூடியது என்று நான்கு கட்டம் வையுங்கள்.

ஹில்ஸ்பரோவில் 1954 செப்டம்பரில் வழக்கு. வாரியத்துக்கு எதிராக வாதாடியவர்களில் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லியும் ஒருவர். கீழ்க்கோர்ட்டு மறுத்தது. 1956 ஜனவரியில் ஆறாவது சர்க்யூட் தாய்மார் பக்கம் நின்றது. பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பாட்டர் ஸ்டூவர்ட் அங்கே தனியே ஓர் இசைவுரை (முடிவை ஏற்றுத் தன் காரணத்தைத் தனியாகச் சொல்லும் உரை) எழுதினார். அதைத் தவறாமல் படியுங்கள். ஏப்ரலில் பிள்ளைகள் உள்ளே போனார்கள், ஆனால் தேர்வு வைத்துப் பெரும்பாலானோரைக் கீழ் வகுப்பில் போட்டார்கள். கிளின்டனில் 1950இல் வழக்கு. கறுப்பின மாணவர் பன்னிரண்டு பேர் பள்ளிக்குள் போனது 1956 ஆகஸ்டில். அந்தப் பள்ளியையே 1958 அக்டோபரில் குண்டுவைத்துத் தகர்த்தார்கள். டெக்ஸஸின் மான்ஸ்ஃபீல்டில் 1956இல் நீதிமன்ற உத்தரவு கையில் இருந்தும் கும்பல் மறித்தது, ஆளுநர் மாநிலக் காவல் படையான ரேஞ்சர்களை அனுப்பியது கும்பலுக்குத் துணையாக. பிள்ளைகள் பழையபடி ஃபோர்ட் வொர்த்துக்குப் பேருந்தில் போனார்கள். அவர்களுக்குப் பள்ளிக் கதவு திறந்தது 1965இல். ஃபார்ம்வில்லில் 1951 ஏப்ரல் 23இல் பதினாறு வயது பார்பரா ஜான்ஸ் முன்னின்று 450க்கும் மேற்பட்ட மாணவர்கள் வெளியேறினார்கள். அந்த வழக்கு பிரவுனோடு சேர்ந்து வென்றது. அதற்குப் பிறகு கவுன்டி 1959 முதல் 1964 வரை எல்லா அரசுப் பள்ளிகளையும் இழுத்து மூடிவிட்டது. மிசிசிப்பியின் கிளீவ்லண்டில் 1965இல் போட்ட வழக்கில் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளை ஒன்றாக்கச் சொன்னது 2016இல், ஒன்றானது 2017இல்.

நான்காவது கட்டத்தைத்தான் பெரும்பாலோர் நிரப்புவதில்லை. பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்குப் போன பிறகு கறுப்பினப் பள்ளி மூடப்பட்டது. தலைமையாசிரியர் துணையானார் அல்லது வீட்டுக்குப் போனார். மாநிலக் கல்வித்துறைகள் ஆண்டுதோறும் அச்சிட்ட பள்ளி விவரப் புத்தகங்களில் தலைமையாசிரியர் பெயர் இருக்கும். சேர்க்கைக்கு இரண்டு ஆண்டு முன்னும் ஐந்து ஆண்டு பின்னும் வரிசையாகப் பார்த்து, அந்தப் பெயர் எங்கே போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளியே தெற்கில் கறுப்பினப் பள்ளிகள் கட்ட உதவிய ரோசன்வால்ட் நிதியில் கட்டியதென்றால், ஃபிஸ்க் பல்கலைக்கழகத் தொகுப்பில் கட்டடப் படமும் யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்ற கணக்கும் இருக்கும். ஊர்க் கறுப்பினத்தவர் சொந்தப் பணமும் அதில் உண்டு. தாங்கள் பணம் போட்டுக் கட்டிய பள்ளியே மூடப்பட்டதை அவர்களில் எல்லோரும் வெற்றி என்று கொண்டாடியிருக்க மாட்டார்கள். நேர்காணலில் அதற்கு இடம் கொடுங்கள்.

எழுத உட்காரும்போது தமிழ்நாட்டு ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளோடு ஒப்பிட்டு ஒரு பத்தி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். எல்லை போடுவது யார், வரி போவது எங்கே, சேர்வது கட்டாயமா விருப்பமா என்ற மூன்றிலும் இரண்டும் வேறு. ஒரு பத்தியில் அடங்காது, தனிக் கட்டுரையாக எழுதலாம். பெயர்களில், பொதுப் பதிவிலும் அருங்காட்சியகத்திலும் ஏற்கெனவே உள்ளவற்றை மட்டும் முழுதாக எழுதுங்கள். கணக்கெடுப்புத் தாளில் மட்டும் கண்ட பிள்ளையின் பெயருக்கு முதலெழுத்தும் தெருவும் போதும். வரைபடக் கோப்பையும் மூன்று பட்டியலையும் அந்த ஊர் நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். ஆங்கிலத் தலைப்பும் ஆண்டும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் அங்கே யாராலும் தேடி எடுக்க முடியாது.